சோலோ ஆற்றங்கரையில் மாமியார் நிலத்துக்குச் சான்றிதழ் வாங்கிய அனுபவம்

என் மாமியாரின் நிலக் காகிதங்கள் எல்லாம் ஒரு கோங் குவான் பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தன. சிவப்புத் தகர டப்பா. ஜாவாவில் அது இல்லாத வீடு குறைவு. பெருநாளுக்கு பிஸ்கட் வாங்குவார்கள், தீர்ந்ததும் ரெங்கினாங் என்கிற அரிசி வடகத்தைப் போட்டு வைப்பார்கள். மாக் (அம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே) வடகத்துக்கு வேறு டப்பா வைத்திருந்தார். இதில் ரப்பர் பேண்டு போட்ட நிலவரிச் சீட்டுகள், பழுப்பேறிய ‘பெத்தோக் தே’ என்கிற பழைய நிலச்சீட்டு ஒன்று, மாமனாரின் இறப்புச் சான்று. 3 துண்டு நிலத்துக்கும் இவ்வளவுதான் ஆதாரம்.

ஊர் கிழக்கு ஜாவாவில், போஜோநெகோரோ மாவட்டத்தின் கானோர் வட்டாரத்தில் இருக்கிறது. ஜாவாவின் மிக நீளமான ஆறான பெங்காவான் சோலோ எங்கள் வயல்களுக்கு வடக்கே வளைந்து போகிறது. அக்கரை வேறு மாவட்டம், துபான். பாலம் வருவதற்கு முன் படகில்தான் போய்வந்தார்கள். திருவாரூர்ப் பக்கம் பிறந்த எனக்கு இந்தத் தரை முதல் நாளே பழகியதாகத் தெரிந்தது. மேடு பள்ளம் இல்லாத கறுப்பு மண், இரண்டு போகம் நெல், கோடையில் சோளமோ புகையிலையோ. அறுவடைக்கு முன் கும்பிடுகிற நெல்தெய்வத்தின் பெயர்கூட தேவி ஸ்ரீ. ஆனால் காவிரி எங்களுக்கு வருமா வராதா என்ற கவலையைத்தான் கொடுத்தது. இந்த ஆறு கொடுக்கும் கவலை வேறு. 2007 டிசம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தை மாக் இன்னும் நாள் கணக்கோடு சொல்வார். கரைமேட்டில் ஆடுகளோடு படுத்துத் தூங்கியிருக்கிறார்கள்.

2023 கடைசியில் ஊர் மண்டபத்தில், அதாவது ‘பலாய் தேசா’வில், கூட்டம் போட்டார்கள். அரசின் முழுமையான நிலப்பதிவுத் திட்டம், சுருக்கமாக பே-தே-எஸ்-எல், எங்கள் ஊருக்கு வருகிறதாம். ஒரு கிராமத்தின் எல்லா மனைகளையும் வயல்களையும் ஒரே மூச்சில் அளந்து பதிகிற திட்டம் இது. ஜாவாவிலும் பாலியிலும் கிராம அளவிலான ஆயத்தச் செலவாக மனு ஒன்றுக்கு 1,50,000 ருப்பியா என்று மூன்று அமைச்சர்களின் கூட்டு ஆணை 2017 இல் வகுத்திருக்கிறது. தனியாக மனுப் போட்டுச் செய்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. இன்னொன்றும் சொன்னார்கள்: பெத்தோக், கிரிக் போன்ற பழைய சீட்டுகள் 2021 ஆம் ஆண்டின் 18 ஆம் எண் அரசு ஒழுங்குமுறைப்படி 2026 பிப்ரவரி 2 வரைதான் உரிமைச் சான்றாகச் செல்லும். அதன் பிறகு அவை வெறும் குறிப்பு. கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. வீட்டுக்கு வந்து மாக் டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தார். என் கணவர் வாரம் முழுக்க சுரபாயாவில் வேலை. படித்த மருமகள் வீட்டில் இருக்கிறாள், அவள் பார்க்கட்டும் என்று முடிவாகிவிட்டது.

முதல் வேலை ஊர்ப் பதிவேடு. ‘லெத்தர் சே’ என்பார்கள். நம் ஊர் அ-பதிவேடு, சிட்டா மாதிரியான கனத்த புத்தகம், ஊர்ச் செயலரான ‘பாக் சாரிக்’ பொறுப்பில் பீரோவில் இருக்கும். நிலத்தொகுதி எண், தரம், பரப்பு, கைமாறிய காரணம், தேதி என்று கட்டம் கட்டமாக இருக்கும். தரத்தில் ‘எஸ்’ என்றால் நன்செய், ‘தே’ என்றால் மேட்டு நிலம். பாக் சாரிக் விரலால் தடவித் தடவிக் கண்டுபிடித்துக் கொடுத்தார். 3 துண்டும் இருந்தன. ஆனால் எழுதியிருந்த பெயர் என் மாமனாருடையது இல்லை.

எனக்கு அடிவயிறு கலங்கியது. மாக் அமைதியாக, “அவருடைய பெரிய பெயர்தான்” என்றார். ஜாவாவின் பழைய வழக்கப்படி ஆண்பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதும் ‘ஜெனெங் துவோ’ என்று ஒரு முதிர்ந்த பெயர் சூட்டுவார்கள். ஊர் அவரை அந்தப் பெயரில் பதிந்திருக்கிறது. அடையாள அட்டையும் இறப்புச் சான்றும் சின்ன வயதுப் பெயரில். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஊர்த்தலைவர் ஒரு கடிதம் தரவேண்டும், அதற்கு அவரை அறிந்த இரண்டு பெரியவர்கள் சாட்சி. அந்தக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட தாத்தா ஒருவர் உயிரோடு இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். இதே வேலையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்கிறேன்: ஊர்ப் பதிவேட்டைப் பார்ப்பதற்கு முன் வேறு எந்தப் படிவத்தையும் நிரப்பாதீர்கள். நான் நிரப்பிவிட்டு மூன்று முறை கிழித்தேன். 10,000 ருப்பியா முத்திரை வில்லை ஒவ்வொரு தடவையும் வீணானது.

அடுத்தது வாரிசு. மாக், இரண்டு மகன்கள், ஒரு மகள். நால்வரும் கையெழுத்திட்டு, ஊர்த்தலைவரும் வட்டாரத் தலைவரான சாமாட்டும் ஒப்பமிட்டால்தான் வாரிசுக் கடிதம் செல்லும். மூத்த மைத்துனர் மலேசியாவில், ஜொகூரில் கட்டட வேலை. நாத்தனார் ஜகார்த்தா பக்கத்துப் பெகாசியில் தொழிற்சாலையில். அதிகாரக் கடிதம், தூதரக முத்திரை என்றெல்லாம் யோசித்தோம். கடைசியில் மாக் சொன்னதுதான் நடந்தது: “லெபாரானுக்கு எல்லாரும் வருவார்கள்.” நோன்புப் பெருநாளுக்கு இந்த நாட்டில் வராத பிள்ளை இல்லை. 2024 ஏப்ரல் 10 அன்று பெருநாள். இரண்டாம் நாள் மத்தியானம், தேக்கிலையில் சோறு சாப்பிட்டு முடித்ததும், பாயில் காகிதங்களை விரித்தோம்.

அங்கேதான் எனக்கு மிகக் கடினமான கால் மணி நேரம். மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: தம்பி பங்கை அவன் பெயரில் எழுதினால், நாளை அது வெளிநாட்டவர் கைக்குப் போய்விடாதா? என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் ஏற்கெனவே படித்து வைத்திருந்தேன். 1960 ஆம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டத்தில் 21 ஆவது பிரிவு, முழு உரிமையான ‘ஹாக் மிலிக்’ இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே என்கிறது. வாரிசாக வந்தாலும் வெளிநாட்டவர் ஓராண்டுக்குள் அதை விட்டாக வேண்டும். 1974 திருமணச் சட்டத்தின் 35 ஆவது பிரிவுப்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, பரம்பரைச் சொத்து தம்பதியின் பொதுச்சொத்தில் சேராது. இவற்றை எனக்குத் தெரிந்த ஜாவா மொழியில் சொல்லிவிட்டு, “அண்ணா, எனக்கு இதில் பங்கு கிடையாது, கேட்கவும் மாட்டேன். என் பிள்ளைக்கு அவள் அப்பா வழியில் வருவது வரட்டும்” என்றேன். அவர் எழுந்து போய் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு கையெழுத்திட்டார். கரைமேட்டுக்கு உட்பக்கம் இருக்கும் இரண்டு வயலும் மாக் பெயரிலேயே இருக்கட்டும் என்று நால்வரும் ஒப்புக்கொண்டார்கள்.

அளப்பவர்கள் ஜூனில் வருவதாகச் சொன்னார்கள். வருவதற்குள் ஒவ்வொரு மூலையிலும் எல்லைக்கல் நட்டிருக்க வேண்டும், பக்கத்து நிலத்துக்காரர் நேரில் நின்று ஒப்புக்கொள்ள வேண்டும். கல் நடுவது அரை நாள் வேலை. ஒப்புக்கொள்ள வைப்பதற்கு ஒரு மாதம் ஆனது.

கிழக்கு வரப்பு நடுவில் வில் போல வளைந்திருந்தது, எங்கள் பக்கமாக. மாமனார் படுக்கையில் இருந்த வருடங்களில் ஒவ்வொரு பட்டத்திலும் மண்வெட்டி ஒரு விரற்கடை நகர்ந்திருக்கிறது. அந்த நிலத்துக்காரரை நாங்கள் பாக்தே, பெரியப்பா, என்றுதான் கூப்பிடுவோம். மாக்குக்கு எல்லாம் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. ‘ஓரா பேனாக்’ என்பார். முகத்துக்கு நேரே சொன்னால் மனசு சரியாக இருக்காது என்று அர்த்தம். திருவாரூர்ப் பக்கம் எங்கள் ஊரில் வரப்புக்காக வெட்டுக்குத்தே நடந்திருக்கிறது, எனக்கோ நேரே போய்க் கேட்டுவிடத் துடிப்பு. என் கணவர் தொலைபேசியில் சொன்னது ஒன்றுதான்: “மாக் சொல்கிற வரை நீ பேசாதே.”

மாக் செய்தது இது. நான்கு வாரம், ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல், பாக்தே வீட்டுக்கு ஏதாவது கொடுத்தனுப்பினார். வாழைப்பழப் பொரியல், கீரை, ஒரு தடவை லெத்ரே என்கிற வாழைப்பழச் சுருள் பிஸ்கட். ஐந்தாவது வாரம் பாக்தேவே சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். தூளும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைத்த கோத்தோக் காப்பி வந்தது. மழை, புகையிலை நாற்று, பேரன் படிப்பு எல்லாம் பேசி முடித்த பிறகு, கிளம்பும்போது, “நாளைக் காலையில் அந்த ஆண்டோங் செடிகளைப் பார்ப்போமா?” என்றார். ஆண்டோங் சிவப்பு இலைச் செடி, முன்பு எல்லைக்கு அதைத்தான் நடுவார்கள். இரண்டு முனையிலும் பழைய செடி இன்னும் நின்றது. கயிறு கட்டிப் பார்த்தால் நடுவில் இரண்டு முழம் எங்களுடையது. பாக்தே அங்கே எரு போட்டு மண்ணைப் பதப்படுத்தியிருந்தார். மாக் ஒரு முழம் விட்டுக்கொடுத்தார். எல்லை நேர்க்கோடாக இல்லாததால் நடுவில் கூடுதலாக ஒரு கல் நட்டோம். எனக்கு அன்று ஆறவில்லை. அந்த ஒரு முழம் என் மாமனாருடையது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அளவை நாளில் முதல் ஆளாக வந்து நின்றவர் பாக்தே. அதே ஊரில் வரப்புச் சண்டை தீராத நிலங்கள் சான்றிதழ் இல்லாமல் தனிப் பட்டியலில் நின்றன.

அளவை எங்களுக்கு 20 நிமிடம். செயற்கைக்கோள் சமிக்ஞை வாங்கும் கருவியை ஒரு கம்பின் உச்சியில் வைத்து ஒவ்வொரு கல்லிலும் நிறுத்தி எடுத்தார்கள். இரண்டு வயல் முடிந்தது. மூன்றாவதைக் காட்ட மாக் கரைமேட்டில் ஏறினார்.

மூன்றாவது துண்டு மேட்டுக்கு வெளியே, ஆற்றை ஒட்டிய ‘லெதோக்’. தாழ்ந்த வண்டல் நிலம். மாமனார் கணக்கில் நாற்பது ‘ரூ’. ஒரு ரூ ஏறக்குறைய 14 சதுர மீட்டர். வெள்ளம் வடிந்த ஈரத்தில் உரமே போடாமல் சோளம் விளையுமாம். மாக் கல்யாணமாகி வந்த வருடம் அங்கேதான் வேர்க்கடலை போட்டார்களாம். நாங்கள் மேட்டில் நின்று பார்த்தபோது கீழே இருந்தது ஓர் ஓரத் துணுக்கு மட்டும், அதற்கப்பால் பழுப்புத் தண்ணீர். வருடா வருடம் கரை சரிந்து போய்விட்டது. அளக்க வந்த இளைஞர் செருப்பைக் கழற்றிவிட்டு மாக் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னார்: கரைமேட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது ஆற்றின் எல்லை, அதற்கு நான் படம் போட முடியாது. நிலம் அழிந்துபோனால் உரிமையும் போய்விடும் என்று அடிப்படை நிலச் சட்டத்தின் 27 ஆவது பிரிவே சொல்கிறது.

அக்கரையில், துபான் பக்கம், புதிதாக ஒரு வண்டல் திட்டு பச்சையாகத் தெரிந்தது. யாரோ சோளம் போட்டிருந்தார்கள். புதிதாக எழும் நிலம் அரசுடையது. மாக் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நல்லா வளர்ந்திருக்கு” என்றார்.

பிறகு நடந்ததில் பெரிதாக ஒன்றுமில்லை. அளந்த வரைபடமும் பெயர்ப் பட்டியலும் 14 நாள் பலாய் தேசா பலகையில் தொங்கின. ஆட்சேபணை இருந்தால் அதற்குள் சொல்ல வேண்டும். மாக் பெயரில் ஓர் எழுத்து தவறியிருந்தது, நான்காம் நாள் பார்த்துத் திருத்தினேன். பட்டியல் ஒட்டியதும் போய் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது தனி அலைச்சல். டிசம்பரில் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். பச்சை அட்டை போட்ட புத்தகம் வரும் என்று மாக் எதிர்பார்த்திருந்தார். இப்போது மின்னணுச் சான்றிதழ் என்பதால் வயலுக்கு ஒரே ஒரு தாள், மூலையில் கியூஆர் கட்டம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘செந்துஹ் தானாஹ்கு’ செயலியில் எங்கள் வயலைத் தேடிக் காட்டினேன். வரைபடத்தில் கிழக்கு எல்லை நடுவில் லேசாக மடங்கியிருந்தது. அந்த மடிப்பின் மேல் விரலை வைத்து, “பாக்தே” என்றார்.

இந்த ஆண்டு நிலவரிச் சீட்டுகள் வந்தன. மூன்று. வயலுக்கு இரண்டு, ஆற்றுக்குப் போன துண்டுக்கு ஒன்று. மனுக் கொடுத்தால் மூன்றாவதை நீக்கலாம் என்று பாக் சாரிக் சொன்னார், நான் மனுவும் எழுதி வைத்தேன். மாக் அதை வாங்கி மடித்து பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று சீட்டுக்கும் பணம் எண்ணிக் கொடுத்தார்.