கிரானோலா: உதிரியிலிருந்து கட்டிக்கு

வீட்டில் கிரானோலா (ஓட்ஸைத் தேன், பருப்புகளோடு கலந்து ஓவனில் மொறுமொறுப்பாகச் சுடும் காலை உணவு) செய்ய ஆரம்பித்தபோது சுவை சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. ஓட்ஸ், தேன், பாதாம் மூன்றும் சேர்ந்து ஓவனுக்குள் போனால் எப்படியும் நன்றாகத்தான் இருக்கும். இழுத்தடித்தது கட்டிதான். கையில் எடுத்துக் கடிக்கிற மாதிரி வராமல் உதிரி உதிரியாகவே வந்துகொண்டிருந்தது. அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்த்தேன்.

இப்போதைக்கு நின்றிருக்கும் அளவு இது: 3 கப் ரோல்டு ஓட்ஸ் (தட்டையாக உருட்டியது), 1 கப் பாதாமும் வால்நட்டும் கலந்து, பூசணி விதையும் சூரியகாந்தி விதையும் சேர்த்து அரை கப், அரை கப் தேன், மூன்றில் ஒரு பங்கு கப் எண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் பட்டைத் தூள். உப்பை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் வெறும் தித்திப்புதான் மிஞ்சும்.

ஓட்ஸ் விஷயத்தில் பேரம் கிடையாது, ரோல்டுதான். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் மெல்லிசு, பொடிந்துவிடும். தட்டையாக்காமல் துண்டுகளாக வெட்டிய ஸ்டீல் கட் ஓட்ஸை வேகவைக்காமல் அப்படியே போட்டால் பல்லைப் பதம் பார்க்கும். 1863-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் செய்த, கிரானோலாவுக்கு முன்னோடியான ‘கிரானுலா’வை இரவே ஊறப்போட்டால்தான் காலையில் மெல்ல முடியுமாம். நமக்கு அந்தக் கடினம் வேண்டாம்.

சூடு 150 டிகிரி செல்சியஸ். 180-ல் வைத்தால் சீக்கிரம் முடியும், ஆனால் நடுப்பகுதி காய்வதற்குள் ஓரம் கருகிவிடும். தேனில் இருக்கும் ஃபிரக்டோஸ் சாதாரண சர்க்கரையைவிடக் குறைந்த சூட்டிலேயே நிறம் மாறும். அதனால் பொறுமையாக 35 முதல் 40 நிமிடம்.

சரி, கட்டிக்கு வருவோம். முதலில் பலன் தந்தது, 3 கப் ஓட்ஸில் அரை கப்பை மட்டும் மிக்ஸியில் பொடித்துக் கலந்தது. இந்த மாவு தேனோடு சேர்ந்து பசையாகி, முழு ஓட்ஸுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அடைத்துவிடுகிறது. அடுத்தது, அழுத்துவது. பேக்கிங் தாள் விரித்த ட்ரேயில் கலவையைப் பரப்பி, மேலே இன்னொரு தாளை வைத்து, தட்டையான கிண்ணத்தின் அடிப்பாகத்தால் ஓரத்திலிருந்து உள்ளே அழுத்திக்கொண்டே வருகிறேன். ஒட்டாமல் உருளும் ஓட்ஸ் எதுவும் கண்ணில் படக் கூடாது. அரை அங்குலத்துக்கு மேல் தடிமன் போனால் உள்ளே ஈரம் நிற்கும்.

பாதி நேரத்தில் கிளறச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. கிளறினால் நிறம் சீராக வரும் என்பது உண்மைதான், ஆனால் கட்டி போச்சு. நான் கிளறுவதில்லை. 20 நிமிடத்தில் ட்ரேயை மட்டும் முன்பின்னாகத் திருப்பி வைக்கிறேன்.

வெளியே எடுக்கும்போது அது மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லையோ என்று திரும்ப உள்ளே தள்ளத் தோன்றும், தள்ளாதீர்கள். சூட்டில் இளகியிருக்கும் தேன் ஆறினால்தான் இறுகும். ஒரு மணி நேரம் ட்ரேயிலேயே கிடக்கட்டும். நன்றாக ஆறியதும் தாளோடு ஒரு மூலையைத் தூக்கினால் முழுப் பலகையாக எழும்பும். அதைச் ‘சடக்’கென்று வேண்டிய அளவுக்கு உடைத்துக்கொள்ளலாம்.

உலர்திராட்சையை ஓவனில் வைத்தால் கல்லாகிவிடும். ஆறிய பிறகு கலந்து டப்பாவில் வைத்தாலோ, அதன் ஈரம் ஓட்ஸுக்கு ஏறி மொறுமொறுப்பு குறைகிறது. அதனால் சாப்பிடும்போதுதான் போட்டுக்கொள்கிறேன். டப்பாவில் இருப்பது நமுத்துப்போனால் அதே 150 டிகிரியில் சில நிமிடம் காட்டி ஆறவிட்டால் போதும்.

கடைசியாகப் பார்த்தது முட்டை வெள்ளைக்கரு. தேனைக் கால் கப்பாகக் குறைத்து, ஒரு வெள்ளைக்கருவை நுரை வர அடித்துக் கலந்தேன். கட்டி கெட்டியாக நிற்கிறது, இனிப்பும் அளவாக இருக்கிறது. ஆனால் அந்தப் பளபளப்பும் கடித்ததும் நொறுங்கும் தன்மையும் இல்லை, கொஞ்சம் பிஸ்கட் பக்கம் சாய்ந்துவிட்டது. அடுத்த ட்ரேக்கு மறுபடி அரை கப் தேன்தான்.