சித்திர அறையில் அலியோனுஷ்கா

மொஸ்கோவில் தமிழில் அச்சாகி வந்த சிறுவர் நூல்களை வாசித்து வளர்ந்த எங்கள் வகுப்புக்குச் சூனியக்கிழவி பாபா யாகாவும் சாம்பல் ஓநாயும் பழக்கமானவர்கள். அதனால்தானோ என்னவோ, எண்ணெய் வர்ணம் என்றால் சித்திர மாஸ்டர் ரஷ்ய நாட்டார் கதைகளைத்தான் எடுப்பார். முன்மாதிரி, அந்தக் கதைகளை வரைந்த ரஷ்ய ஓவியர் விக்தர் வாஸ்னெத்சோவ். இப்போது ஓய்வு கிடைத்து மறுபடி தூரிகை எடுத்திருப்பவர்களுக்காக, அந்த அறையில் படித்ததை எழுதுகிறேன்.

கதையில் மாயம் நடக்கிற கணத்தை வரையக் கூடாது என்பது மாஸ்டரின் கட்டளை. 1881இல் வாஸ்னெத்சோவ் வரைந்த ‘அலியோனுஷ்கா’வைப் பாருங்கள். கதையில் குளம்புத் தடத்தில் தேங்கிய தண்ணீரைக் குடித்த அலியோனுஷ்காவின் தம்பி ஆட்டுக்குட்டியாகிவிடுகிறான். ஓவியத்தில் ஆட்டுக்குட்டி இல்லை. வெறுங்காலோடு ஒரு பெண் குளக்கரைக் கல்லில் முழங்காலில் தலை சாய்த்து இருக்கிறாள். கறுத்த தண்ணீரில் மஞ்சள் இலைகள் மிதக்கின்றன. மாயம் முழுவதும் அந்தத் தண்ணீரின் இருளில்தான். 1889இல் வந்த ‘சாம்பல் ஓநாய் மீது இவான் இளவரசன்’ பெரிய படம்தான்; எனக்கு அது கொஞ்சம் நாடக மேடை. ஆனால் இருண்ட காட்டுக்குள் பூத்து நிற்கும் அந்த ஆப்பிள் கிளையை விட்டுவிட முடியாது.

‘அலியோனுஷ்கா’வின் அளவு 173 × 121 செ.மீ. பழகுவதற்கு 50 × 35 செ.மீ. கன்வஸ் எடுத்தால் விகிதம் மாறாது. முதல் பூச்சு: சுடாத அம்பர் எனும் மண்பழுப்பு வர்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, வெளிச்சமும் இருளும் மட்டும். எண்ணெய் சேர்ப்பது அடுத்தடுத்த பூச்சுகளில், கொஞ்சம் கொஞ்சமாக. அடியில் எண்ணெய் கூடி மேலே குறைந்தால், மேற்பூச்சு முந்திக் காய்ந்து, கீழே அசைய அசைய வெடிக்கும்.

தண்ணீருக்கு வெறும் கறுப்பைப் பூசினால் அது தார் ஊற்றியதுபோலச் செத்துக் கிடக்கும். ஐவரி கறுப்பு காயவும் நாளெடுக்கும். அல்ட்ராமரின் நீலமும் சுட்ட சியன்னா எனும் செம்பழுப்பும் கலந்தால் ஆழம் வரும். அது நன்றாகக் காய்ந்த பிறகே இலைகள், அதுவும் தடிப்பாக. ஈரத்தில் வைத்தால் மஞ்சள் இருண்டு பாசிப் பச்சையாகிவிடும். மஞ்சளும் கறுப்பும் கலந்து வரும் அந்தப் பச்சைதான் ஊசியிலை மரங்களுக்குத் தேவை. குழாய்ப் பச்சை காட்டையே பிளாஸ்டிக் ஆக்கிவிடும்.

அம்பர் பூசிய இடங்கள் எண்ணெயை உறிஞ்சி மங்கலாகத் தெரியும். பயந்து மேலும் வர்ணம் ஏற்றாதீர்கள். காய்ந்த பரப்பில் துளி ஆளிவிதை எண்ணெயைத் துணியால் தேய்த்து, உடனே துடைத்துவிட்டால் நிறம் திரும்பும்.

ரஷ்யக் கதைகளில் ஒளிரும் இறகோடு வரும் நெருப்புப் பறவையை வரைபவர்கள் பொன்பொடிக்கு ஆசைப்படுவார்கள். ரஷ்ய ஓவியர் மிகயீல் வ்ரூபெல் 1902இல் ‘வீழ்த்தப்பட்ட டீமன்’ ஓவியத்தில் வெண்கலப் பொடி சேர்த்தார். காலப்போக்கில் அது கறுத்துப்போனது. நீலம் கலந்த இருட்டின் மேல் காட்மியம் மஞ்சளே போதும்.

கனடாவில் பேஸ்மென்டில் வரைபவர்களுக்கு ஒன்று: வெளிச்சமே படாத இடத்தில் காயும் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளிக்கும். படத்தை மேலே கொண்டுவந்து வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள்; இலைகளைத் தடிப்பாக வைத்திருந்தால் ஒரு வருடம்.