அகத்திக்கு வேலைக்குப் போகிறவர் பையில் என்ன இருக்க வேண்டும்

லட்சத்தீவின் அகத்தி தீவில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் பம்பு வேலை என்று அழைப்பு வந்ததும் கூலி, பேட்டா எல்லாம் பேசி முடித்துவிடுகிறார்கள். டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் அதில் பெட்டிக்கு 15 கிலோதான் என்ற எண் கண்ணில் படுகிறது. டூல் பாக்ஸே அதைத் தாண்டும்.

அகத்திக்குப் போவது ஏடிஆர்-72. எழுபது எழுபத்தெட்டு பேர் உட்காரும் புரொப்பல்லர் விமானம். கொச்சியில் மாறிப் போகலாம். கொச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரம். அங்கே ஓடுதளம் சுமார் 1,200 மீட்டர்தான், மீனம்பாக்கத்துப் பெரிய ஓடுதளத்தில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு பக்கமும் கடல். வெயில் ஏற ஏறக் காற்று லேசாகி இறக்கை தூக்கும் சக்தி குறையும். ஓடுதளத்தை நீட்ட வழியில்லை, எடையைத்தான் குறைப்பார்கள். கூடுதல் கிலோவுக்குப் பணம் கட்டியிருந்தாலும் ஆள் இன்றைக்கு, பெட்டி நாளைக்கு என்று ஆகலாம்.

அதனால் முதல் நாள் வேலைக்கு எது இல்லாவிட்டால் கை கட்டி நிற்க வேண்டுமோ, அது 7 கிலோ கைப்பையில் போகட்டும்: மெக்கானிக்கல் சீல் (பம்பு ஷாஃப்ட் ஓரம் கசியாமல் தடுப்பது), ஓ-ரிங், மூட்டுக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட் ஷீட், வேக்யூம் அளக்கும் கேஜ். பில்லையும் கூடவே வையுங்கள். ஸ்கேனரில் சீலைப் பார்த்து இது என்ன என்று கட்டாயம் கேட்பார்கள். ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர் கைப்பையில் ஆகாது, பெட்டிக்குத்தான். அந்த 15 கிலோவை டூல்ஸுக்கு ஏழரை, ஸ்பேருக்கு நாலு, துணிமணிக்கு இரண்டரை, பெட்டியின் சொந்த எடைக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டால் கணக்கு சரியாகும். முழு ஸ்பானர் செட் எதற்கு? போகும் முன் பம்பின் போட்டோவை வாட்ஸ்அப்பில் வாங்கி, எந்தெந்த சைஸ் போல்ட் என்று பார்த்து அதை மட்டும் எடுங்கள்.

கார்ட்லெஸ் டிரில்லில்தான் பலர் மாட்டுவார்கள். டிரில் பெட்டியில், பேட்டரி கைப்பையில். வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கினால் வாட்-அவர்: 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் என்றால் 90. நூறு வரை பிரச்சினையில்லை. நூறிலிருந்து 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். 18 வோல்ட், 9 ஆம்பியர்-அவர் பேட்டரி 162, அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். டெர்மினல் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

துரு நீக்கும் ஸ்ப்ரே, தின்னர், பெயிண்ட் எதுவும் ஏறாது. ஷேவிங் ஃபோம் மட்டும் குளியல் சாமான் கணக்கில் ஏறும். இந்த வேலைக்கு அதுதான் பெரிய உதவி. ஏன் என்றால், அகத்தியில் குடிநீர் தயாரிப்பதே வேக்யூமில்தான். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் கவரத்தியில் 2005-லும், அகத்தியிலும் மினிக்காயிலும் 2011-லும் அமைத்த நிலையங்கள், ஒவ்வொன்றும் நாளைக்கு 1 லட்சம் லிட்டர். மேல்கடல் நீர் 28 டிகிரி இருக்கும். அழுத்தம் 27 மில்லிபாருக்கு இறங்கும்வரை காற்றை உறிஞ்சிய தொட்டிக்குள் வந்ததும் அது 22 டிகிரியிலேயே கொதிக்கும். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாயில் வரும் 12 டிகிரி நீர் அந்த ஆவியைக் குளிரவைத்து நல்ல தண்ணீராக்கும். வடசென்னை அனல்மின் நிலையத்தில் 2009-ல் வைத்ததும் இதே முறைதான். அங்கே ஆழ்கடல் குழாய் கிடையாது, நிலையம் வெளியேற்றும் வெந்நீர் ஆவியாகும், சாதாரண மேல்கடல் நீரே அதைக் குளிரவைக்கும். அத்திப்பட்டு பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஒரு ஃபிளேஞ்சில், அதாவது குழாய்களைப் போல்ட் போட்டுச் சேர்க்கும் வளையத்தில், மயிரிழை காற்று புகுந்தாலும் வேக்யூம் விழும், தண்ணீர் குறையும். சோப்புத் தண்ணீர் இங்கே உதவாது; காற்று உள்ளே போவதால் குமிழி வராது. ஃபிளேஞ்சை ஈரமில்லாமல் துடைத்து, மூட்டைச் சுற்றி ஷேவிங் ஃபோமை ஒரு விரல் கனத்துக்குப் பூசி, ஐந்து நிமிடம் பாருங்கள். லீக் உள்ள இடத்தில் நுரை குழிந்து உள்ளே போகும். போல்ட்டை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் கேஸ்கெட் அந்தப் பக்கம் நசுங்கி, மறுபக்கம் வாய் பிளக்கும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் வாங்கும்போது 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். 304 ரகம் அந்த உப்புக் காற்றில் சீக்கிரமே பழுப்பேறிப் புள்ளி விழும். 316-ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் இருப்பதுதான் வித்தியாசம். கடையில் காந்தத்தை வைத்துக் காட்டுவார்கள், நம்ப வேண்டாம். இரண்டுமே பெரிதாக ஒட்டாது. மாலிப்டினம் சோதிக்கும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டால் தெரியும், இல்லையென்றால் சான்றிதழ் கேளுங்கள்.

மோட்டார், ஷாஃப்ட் எல்லாம் கொச்சியிலிருந்தோ பேப்பூரிலிருந்தோ கப்பலில் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். பல தீவுகளில் பெரிய கப்பல் கரைக்கு வராது, வெளியே நின்று படகுக்கு மாற்றுவார்கள். ஒரு பெட்டி 40 கிலோவைத் தாண்டாமல், இரண்டு ஆள் தூக்கும்படி கயிற்றுப் பிடியோடு கட்டுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பு, அப்போது கப்பல் தேதியை நம்பி வேலைத் தேதி கொடுக்காதீர்கள்.

நுழைவு அனுமதி இல்லாமல் போக முடியாது. காவல்துறைச் சான்று, ஆதார், போட்டோ கொடுத்து, வேலை தருபவர் மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். சான்று வர நாளாகும், டிக்கெட்டுக்கு முன்பே அதை ஆரம்பியுங்கள். பிரின்ட் எடுத்து வையுங்கள். சாட்டிலைட் போன் வேண்டாம், மது வேண்டாம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் உள்ளூர் ஆள் கிடைக்க மாட்டார்கள், தூக்கும் வேலையை அப்போது வைக்காதீர்கள்.

திரும்பும்போது கழற்றிய சீலை நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். அடுத்த செட் வாங்கப் போனால் லிங்கிச்செட்டித் தெருக் கடைக்காரர் முதலில் கேட்பது பழைய சாம்பிளைத்தான்.