ஈரி ஏரியின் ஆழத்தில் வால்ஐ: ட்ரோலிங் சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு

ட்ரோலிங் என்றால், மெதுவாக ஓடும் படகுக்குப் பின்னால் இரையை இழுத்து மீன் பிடிப்பது. ஜூலை பிறந்தால், அமெரிக்கா-கனடா எல்லையில் உள்ள ஈரி ஏரியின் பெரிய வால்ஐ மீன்கள் பலவும் மேற்குப் பக்கத்தின் வெதுவெதுப்பான தண்ணீரை விட்டுக் கிழக்கே போய்விடும். கனடாக் கரையில் இதே மீனைப் பிக்கரல் என்பார்கள். மேற்குப் பகுதியின் சராசரி ஆழம் 25 அடிக்கும் குறைவு. நடுப்பகுதியில் அது 60 அடி, கிழக்கே 200 அடியைத் தாண்டும் இடமும் உண்டு. அங்கே மீன் பெரும்பாலும் தரையை ஒட்டி இருக்காது, நடுத்தண்ணீரில் நிற்கும். கோடை முற்றினால் நடுப்பகுதியின் அடித்தண்ணீரில் ஆக்சிஜனும் குறைந்துவிடும். அந்த நேரத்தில் இரையைத் தரைக்கு இறக்கிப் பயனில்லை.

அதனால் எதை வாங்கினாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: 40 அடியில் ஒரு மீன் கடித்தது, அடுத்த இரையையும் அதே 40 அடிக்கு இதை வைத்து அனுப்ப முடியுமா? முடியாது என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

முதலில் வாங்க வேண்டியது லைன் கவுண்டர் ரீல், அதாவது எவ்வளவு லைன் வெளியே போனது என்று எண்ணிக் காட்டும் ரீல். ஜோடியாக வாங்குங்கள், இரண்டும் ஒரே மாடலாக, ஒரே லைன் சுற்றியதாக இருக்கட்டும். கவுண்டர் உண்மையில் எண்ணுவது அடியை இல்லை, ஸ்பூல் (லைன் சுற்றியிருக்கும் உருளை) எத்தனை சுற்று சுற்றியது என்பதைத்தான். ஸ்பூல் நிறையாமல் இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் வெளியேறும் லைன் குறையும். கவுண்டர் 100 என்று காட்டும்போது தண்ணீருக்குள் 85 அடிதான் போயிருக்கலாம். வீட்டு வாசலிலேயே டேப் பிடித்து 100 அடி அளந்து, லைனை அதுவரை இழுத்துப் பாருங்கள். கவுண்டர் அதிகமாகக் காட்டினால் அடியில் மலிவான தங்கூசி (ஒற்றை நைலான் இழை) சுற்றி ஸ்பூலை நிரப்புங்கள். பலர் இதைச் செய்யாமல் இரைமேல் பழி போடுகிறார்கள்.

ராடு எட்டரை அடி, மீடியம் பவர், நன்றாக வளைந்து கொடுக்கும் கண்ணாடி இழை போதும். விறைப்பான ராடு இங்கே கெடுதல். வால்ஐயின் வாய்த்தோல் மெல்லியது. பிரெய்டு (பல இழை பின்னிய லைன்) நீளவே நீளாது, ராடும் வளையாவிட்டால் தூண்டில் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும். டிராகை (மீன் இழுத்தால் லைனை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடியை) தளர்த்தியே வையுங்கள்.

ஆழத்துக்கு இறக்க மூன்று வழி. டிப்ஸி டைவர் (இழுக்கும்போது தண்ணீரில் கீழே பாயும் வட்டத் தட்டு), லெட்கோர் (உள்ளே ஈயம் வைத்த லைன்), ஸ்னாப் வெயிட் (லைனில் கிளிப்பால் மாட்டும் ஈயம்). ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது டிப்ஸிதான். அடித்தட்டைத் திருப்பி 0 முதல் 3 வரை வைக்கலாம். 0-வில் நேர்கீழே போகும், எண் கூடக் கூடப் பக்கவாட்டில் விலகும். விலகினால் அதே ஆழத்துக்கு இன்னும் லைன் விட வேண்டும். இதற்கு 30 பவுண்டு பிரெய்டு போடுங்கள். தங்கூசி நீண்டு கொடுப்பதால், தூரத்தில் இருக்கும் டிப்ஸியின் கிளிப்பை வெடுக்கென்று இழுத்து விடுவிக்க முடியாது; அது விட்டால்தான் தட்டு கீழே பாய்வதை நிறுத்தி எளிதாக உள்ளே வரும். கிளிப் திருகை அலையில் தானாக விடாத அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். அதிகம் முடுக்கினால் சின்ன மீன் மாட்டியும் தெரியாமல் ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டு போவீர்கள். டிப்ஸிக்குப் பின்னால் 20 பவுண்டு ஃபுளோரோகார்பன் (தண்ணீரில் அவ்வளவாகத் தெரியாத லைன்) ஆறிலிருந்து எட்டு அடி. அதற்கு மேல் நீண்டால், டிப்ஸி ராடு நுனியை முட்டி நிற்கும், மீனோ வலைக்கு எட்டாது.

லெட்கோரில் 10 கெஜத்துக்கு ஒரு நிறம் மாறும். மணிக்கு 2 மைல் வேகத்தில் ஒரு நிறத்துக்கு ஏறக்குறைய 5 அடி ஆழம், ஆகவே 40 அடிக்கு எட்டு நிறம். வேகம் கூடினால் மேலேறும், குறைந்தால் இறங்கும். கொஞ்சம் பழகிய பிறகு வாங்கலாம். ஸ்னாப் வெயிட் மலிவு: 50 அடி விட்டு, 2 அவுன்ஸ் ஈயத்தைக் கிளிப்பில் மாட்டி, மேலும் 50 அடி விட வேண்டும். மண்புழு ஹார்னெஸ் (புழுவைக் கோக்கும் முட்கள் கட்டிய இரைத்தொடர்) இழுப்பவர்களுக்கு இது நல்ல வழி.

வேகம் இரையைப் பொறுத்தது. புழு ஹார்னெஸுக்கு மணிக்கு 1 முதல் 1.5 மைல், ஸ்பூனுக்கு (கரண்டி வடிவ உலோக இரைக்கு) 2 முதல் 2.5. ஒரே நேரத்தில் இரண்டையும் போட்டால் இரண்டில் ஒன்று வீண். இரை மீனுக்குச் சற்று மேலேயே போகட்டும். வால்ஐ மேல்நோக்கிப் பார்த்து வேட்டையாடும், தனக்குக் கீழே போவதைத் தேடி வருவது குறைவு.

கோடையில் இன்னொரு தொல்லை, முள்வால் நீர்ப்பூச்சி. மெல்லிய லைனில் பஞ்சு போல அப்பிக்கொள்ளும், ராடின் நுனி வளையத்தில் அடைத்து லைன் உள்ளே வராது. அந்த வாரங்களில் ஒரு ஜோடி ரீலில் 30 பவுண்டு தங்கூசி வைத்திருங்கள். தடித்த லைனில் பூச்சி அவ்வளவாக ஒட்டாது. ஆனால் தடித்த லைன் ஆழமும் குறைவாகவே போகும், கூடுதலாக விட வேண்டும்.

படகு திரும்பும்போது ராடுகளைக் கவனியுங்கள். உள்வளைவுப் பக்கத்து இரை வேகம் குறைந்து லெட்கோரில் இறங்கும், வெளிப்பக்கத்து இரை வேகமெடுத்து ஏறும். உள்பக்க ராடே மீன் கடித்துத் திரும்பத் திரும்ப வளைந்தால், மீன் இன்னும் ஆழமான அல்லது மெதுவான இரையைக் கேட்கிறது; வேகத்தைக் கால் மைல் குறையுங்கள், அல்லது எல்லா லெட்கோரிலும் ஒரு நிறம் கூட்டி விடுங்கள்.