குமணையில ஒரு நாள்

நேத்து வெள்ளாப்புலயே அக்கரைப்பற்றுல இருந்து வெளிக்கிட்டு பொத்துவில், பாணமை தாண்டி உகந்தை முருகனைக் கும்பிட்டுட்டு குமணைப் பறவைகள் சரணாலயத்துக்குள்ள போனம். கூட வந்த கைட் அண்ணன் ஜீப்ப நிப்பாட்டச் சொல்லிட்டு மெதுவா "தங்கச்சி, அந்தக் கண்ணா மரத்தடியப் பாருங்க" எண்டார்.

கரண்டிவாயன் பறவை ஒண்டு! தட்டையான சொண்டப் பாதி திறந்தபடி தண்ணிக்குள்ள விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசிக்கொண்டே நடக்குது, மீன் சொண்டுல பட்ட உடன டக்கெண்டு மூடிரும், கண்ணால பாக்கத் தேவையே இல்லயாம், கலங்கின தண்ணியிலயும் பிடிக்குமாம். பைனாகுலர இறக்க மனமே வரல்ல. மறுகா நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை எண்டு கூட்டம் கூட்டமா.

கும்புக்கன் ஆத்துத் தண்ணி வந்து நிரம்புற வில்லு (சதுப்புக் குளம்) இது, கிட்டத்தட்ட 200 ஹெக்டேர், 1938லயே சரணாலயமாக்கின இடம். தயவுசெஞ்சு அங்க போறாக்கள் ஹோர்ன் அடிக்காதீங்க, கூட்டுல இருக்கிறதெல்லாம் பயந்து எழும்பிரும், குஞ்சு வெயில்ல கிடக்கும்.

கருங்கழுத்து நாரையத்தான் கடைசி வரைக்கும் காணல்ல, இலங்கையில மிச்சம் அரிது அது. இங்க பறவைகள் கூடு கட்டுற காலம் மே தொடங்கி ஜூலை வரைக்கும், ஜூன்ல திரும்பப் போறம், வாறாக்கள் இன்பொக்ஸ் பண்ணுங்க.