சுளவில் கொட்டிய விதைகள்

ஐப்பசி மழை தொடங்கி, முற்றத்தில் இறங்க முடியாமற்போன நாட்களில்தான் ஐந்து வயது மகளுக்குப் பொருள்களை வகை பிரிக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்று கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் உள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். ரப்பர் விதை, சிவந்த மஞ்சாடி விதை, புன்னைக்காய், முட்டம் கடற்கரையில் பொறுக்கிய சோழி ஆகியவற்றைச் சுளவில், அதாவது முறத்தில், கொட்டி, நான்கு தேங்காய்ச் சிரட்டைகளை வரிசையாக வைத்து, எதில் எதைப் போடவேண்டும் என்பதையும் நானே சொல்லிவிட்டேன். அவள் பிழையின்றிப் போட்டு முடித்தாள். முடித்ததும் எழுந்து போய்விட்டாள். வகைக்கான காரணத்தை நான் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டதால், அவள் செய்தது வகைப்படுத்துதல் அன்று, சொன்னதைக் கேட்டல் மட்டுமே என்பது அன்றிரவுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் சுளவை மட்டும் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அவள் எதையும் பிரிக்கவில்லை. சோழிகளைச் சுவராகவும் ரப்பர் விதைகளை வாசலாகவும் அடுக்கி ஒரு வீடு கட்டினாள். இதை வெறும் விளையாட்டு என்று நாம் தள்ளிவிடக்கூடாது. குழந்தைகளின் வகைப்படுத்தும் அறிவைப் பற்றி 1959இல் நூல் எழுதிய உளவியலாளர்களான பியாஜேயும் இன்ஹெல்டரும், பொருள்களை இவ்வாறு உருவங்களாக அடுக்குவதையே வகைப்படுத்தலின் தொடக்க நிலையாகக் கண்டார்கள். ஒத்தவற்றை ஒத்தவற்றோடு சேர்க்கும் நிலை அதன்பின் வருகிறது.

எங்கள் வீட்டில் அது சில வாரங்களில் வந்தது. ஒரு நாள் மாலை, சோழியையும் புன்னைக்காயையும் ஒரே சிரட்டையில் போட்டிருந்தாள். புன்னைக்காயை எடுத்து விதைகளோடு சேர்க்க நீண்ட கையை அடக்கிக்கொண்டு, "ஏன் மக்களே இது ரெண்டையும் ஒண்ணா வச்சே?" என்று கேட்டேன். "ரெண்டும் கடக்கரையில கிடந்ததுல்லா அம்மா" என்றாள். கிடைத்த இடம் என்பது நிறத்தையும் வடிவத்தையும் விட நுட்பமான அளவுகோல், ஏனெனில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, நினைவில் இருந்து எடுக்கப்படவேண்டும். நான் வாய் திறந்து திருத்தியிருந்தால் அந்தக் காரணம் எனக்குத் தெரியாமலேயே போயிருக்கும். அதன்பின் நான் கேட்கும் கேள்விகள் இரண்டுதான்: ஏன் இப்படி வைத்தாய், இதையே வேறு மாதிரி பிரிக்க முடியுமா? இரண்டாவது கேள்விக்கு விடையாக அவள் வாளித் தண்ணீரில் எல்லாவற்றையும் போட்டாள். புன்னைக்காயும் ரப்பர் விதையும் மிதந்தன, சோழியும் மஞ்சாடியும் அடியில் போய் நின்றன. முன்பு கடற்கரைக் கூட்டாளிகளாக இருந்த சோழியும் புன்னைக்காயும் தண்ணீரில் பிரிந்துபோனதை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மஞ்சாடிக்குப் பதிலாகக் குன்றிமணியைக் கொடுத்துவிடாதீர்கள், அது கொடிய நஞ்சு. ரப்பர் விதையையும் மெல்ல விடக்கூடாது. பெரியவர் ஒருவர் அருகில் இருந்தே தீரவேண்டும். எதையும் வாயில் வைக்கும் வயதில் உள்ள தங்கை மகனுக்குச் சிறு விதை எதுவும் கிடையாது. கொச்சங்காய் என்னும் தென்னங்குரும்பையும் சிரட்டையும் பலா இலையும்தான் அவனுக்கு.

பெரிய தொகுதிக்குள் சிறிய தொகுதி அடங்குவதைப் புரிந்துகொள்வது மிகக் கடினம். எங்கள் ஊர் வாழை வகையான மட்டிப்பழம் ஆறையும் செவ்வாழைப்பழம் இரண்டையும் வைத்து, "மட்டி கூடுதலா, வாழைப்பழம் கூடுதலா?" என்று கேட்டால், "மட்டிதான்" என்கிறாள். பியாஜே பூக்களை வைத்துக் கேட்டதும் இதே போன்ற கேள்விதான். ஏழெட்டு வயதுக்கு முன் பெரும்பாலான குழந்தைகள் இப்படித்தான் சொல்லுவார்கள். எனவே நான் அவசரப்படுவதில்லை. மட்டியை ஒரு தட்டிலும் செவ்வாழையை இன்னொரு தட்டிலும் வைத்து, இரண்டு தட்டுகளையும் சுளவுக்குள் வைத்துக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சென்ற வாரம் இலைகளைப் பிரித்தபோது, தென்னோலைக் கீற்றையும் புல்லையும் ஒன்றாக வைத்து, பலா இலையையும் ரப்பர் இலையையும் தனியே ஒதுக்கினாள். கேட்டதற்கு, "இதுல கோடு நேரா போவுது, அதுல வலை மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு மெய்சிலிர்த்தது. தொல்காப்பியத்தின் மரபியல் என்னும் பகுதியும், வைரம் எனப்படும் கெட்டியான பாகம் வெளியில் உள்ள தென்னை, பனை போன்றவற்றைப் புல் என்றே வகுக்கிறது. உள்ளே வைரம் உள்ளவற்றையே மரம் என்கிறது. அந்நூலைக் கேட்டு ஆய்ந்ததாகப் பாயிரம் சொல்லும் ஆசானின் ஊர் எங்கள் மாவட்டத்து அதங்கோடுதான் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. வெளியில் உள்ள வைரத்தை வைத்து அந்நூல் சென்று சேர்ந்த இடத்துக்கு, இலையின் கோட்டை வைத்து இவள் வந்திருக்கிறாள். அப்படியானால் மூங்கில் எந்தப் பக்கம் என்று கேட்டுவைத்திருக்கிறேன். இலையைப் பார்க்காமல் சொல்லமாட்டாளாம்; மழை விட்டதும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போக வேண்டும்.