“டைம் வேவ் பண்றீங்களா?”

பிப்ரவரி 6, 2024
காலை எட்டரைக்கே கவுண்டி கோர்ட் வாசலில் நின்றோம். அண்ணன் மகன் என் வெள்ளைச் சட்டையிலும் என் டையிலும் இருந்தான். கிரிக்கெட் மேட்ச் முடிந்து பார்க்கிங்கில் கைகலப்பு, எதிராளிக்குத் தாடையில் அடி. கலிஃபோர்னியா தண்டனைச் சட்டம் 245ஆம் பிரிவு, கடுமையான தாக்குதல், போட்டிருக்கிறார்கள். ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். 4 ஆண்டு வரை உள்ளே போகலாம்.

எங்களுக்கு முன்னால் ஆரஞ்சு உடையில் ஒருவரைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிறுத்தினார்கள். “டைம் வேவ் பண்றீங்களா?” என்று நீதிபதி கேட்டார். சீக்கிரம் விசாரிக்கச் சொல்லும் உரிமையை விட்டுக் கொடுக்கிறீர்களா என்று அர்த்தம். அந்த ஆள் வக்கீல் பக்கம் திரும்பக்கூட இல்லை. “நோ.” சிறையில் இருப்பவர் இப்படிச் சொன்னால் 10 கோர்ட் வேலைநாளுக்குள் பிரிலிம், அதாவது முதல்நிலை விசாரணை, நடந்தாக வேண்டும்.

எங்கள் பையனிடமும் அதே கேள்வி. வக்கீல் தலையசைத்தார், அவன் “யெஸ்” என்றான். எனக்குச் சுருக்கென்றது.

பிப்ரவரி 7
திருச்சியிலிருந்து அண்ணி. “சீக்கிரம் விசாரிக்கணும்னு அங்க சட்டமே இருக்காமே, அதை ஏன் தம்பி விட்டுக் கொடுத்தீங்க?”

வக்கீலிடம் கேட்டேன். “இப்போதைக்கு மேஜையில் இருப்பது போலீஸ் ரிப்போர்ட் மட்டும். அவசரப்பட்டால் அதை வைத்தே முடிவாகும். பையன் ஜாமீனில் வெளியே, வேலைக்குப் போய்க்கொண்டு இருக்கிறான். எனக்கு நேரம் வேண்டும்.”

ராத்திரி தூக்கம் வராமல் படித்தேன். விரைவான விசாரணைக்கான உரிமை, அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1791இல் சேர்த்த ஆறாவது திருத்தத்தில் இருக்கிறது. ஆனால் கென்டக்கியில் பார்க்கர் என்பவர் வழக்கு 5 ஆண்டுக்கு மேல் இழுத்தும், 1972இல் உச்ச நீதிமன்றம் அவர் உரிமை பறிபோகவில்லை என்றது. அத்தனை வாய்தாவில் பெரும்பாலானவற்றுக்கு அவர் வாயே திறக்கவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். சும்மா இருந்தால் சம்மதம்தான் போல.

மார்ச் 19
வீடியோ கிடைத்துவிட்டது! எதிரணியில் ஆடிய பையன் ஒருவனின் போன். 40 விநாடி. முதலில் மட்டையை ஓங்குவது தாடையில் அடிபட்டவர்தான். இதைத் தேடி எடுக்கத்தான் ஆறு வாரம் போயிருக்கிறது.

ஏப்ரல் 23
பிரிலிம். இந்தப் பிரிவுக்குக் கோர்ட்டில் ‘வாபுளர்’ என்று பேர். ஃபெலனியாகவும் நிற்கும், மிஸ்டிமீனராகவும், அதாவது சிறுகுற்றமாகவும், நிற்கும், தஞ்சாவூர் பொம்மை மாதிரி. 17ஆம் பிரிவின்படி, பிரிலிமிலேயே நீதிபதி அதை மிஸ்டிமீனர் ஆக்கலாம். அரசு வக்கீல் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. அவர் இன்று ஆட்சேபித்தார். நீதிபதி வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டுக் குறைத்தார்.

மிஸ்டிமீனர் என்றால் அதிகபட்சம் 364 நாள். ஏன் 365 இல்லை? அமெரிக்காவுக்குள் வந்து 5 ஆண்டுக்குள் செய்த ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு ஓர் ஆண்டு தண்டனை தர இடம் இருந்தாலே, நாடு கடத்த அது போதும். கலிஃபோர்னியா 2015இல் அந்த ஒரு நாளைக் கழித்துவிட்டது. எச்1பி விசாவில் இருப்பவனுக்கு அந்த ஒரு நாள்தான் எல்லாம்.

அப்புறம் மறுபடி அதே கேள்வி. இந்தத் தடவை வக்கீல், “நோ டைம் வேவர், யுவர் ஆனர்.” வெளியே இருப்பவருக்கு மிஸ்டிமீனர் விசாரணை 45 நாளுக்குள் தொடங்க வேண்டும். ஜூன் 7. “இப்ப அவசரம் அவங்களுக்கு,” என்றார் வராந்தாவில். போன தடவை இதே மனிதர்மேல் எரிச்சல் பட்டது ஞாபகம் வந்தது.

ஜூன் 3
தாடைக்காரர் சாட்சி சொல்ல ஆர்வம் காட்டவில்லையாம். அரசு வக்கீல் வராந்தாவுக்கே வந்து பேரம் பேசினார்: 245ஐ எடுத்துவிட்டு 415, பொது அமைதியைக் குலைத்தது. அபராதம் மட்டும். எங்கள் வக்கீல் உடனே சரி சொல்லவில்லை. ஓரமாகப் போய்க் குடியேற்ற வக்கீலுக்குப் போன் போட்டு இருபது நிமிடம் பேசினார். உச்ச நீதிமன்றத்தின் 2010 தீர்ப்புக்குப் பிறகு, குற்றத்தை ஒப்புக்கொண்டால் விசா என்னாகும் என்று சொல்வதும் அவர் கடமை. பிறகுதான் கையெழுத்து.

118 நாள். மதியம் 2 மணிக்கு ஆபீஸில் மீட்டிங் இருக்கிறதாம். காரிலேயே டையை அவிழ்த்துக் கொடுத்தான். “சட்டையைத் துவைச்சுத் தர்றேன் சித்தப்பா.”